பின் நம்பர் யாருக்குத் தெரியும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் கொடுத்த படிவத்தின் முதல் கேள்வியே "உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு உண்டா?" என்பதுதான். உண்டு என்றால் ஒரு டிக், அப்புறம் அடுத்த வீடு. வங்கிக் கணக்கும் கைப்பேசி வழிப் பணமும் பெண்களிடம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி டிக்காக இருக்கும், மனசுக்கு நிறைவாக இருக்கும்.

ஒரு நாள் அப்படி டிக் போட்டுவிட்டுக் கிளம்பும்போது, பேச்சுவாக்கில், கடைசியாகப் பணம் எப்போது வந்தது என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் என் பையனுக்குத்தான் தெரியும் மேடம், மெசேஜ் அவன் போனுக்குத்தான் வரும்" என்றார். ஏடிஎம் கார்டு அவன் பர்ஸில், பின் நம்பரும் அவனுக்குத்தான் தெரியும். பாஸ்புக் மட்டும் வீட்டில் இருந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரமாக எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் அவருடைய போட்டோ, அடுத்த பக்கத்தில் ஒரு வரிகூட அச்சாகவில்லை. நான் போட்ட டிக்கை அழிக்கவும் வழியில்லை, கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தானே.

அதற்குப் பிறகு இந்தத் துறையின் எண்களை நான் வேறு மாதிரிதான் படிக்கிறேன். உலக வங்கியின் 2021 ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பின்படி வளரும் நாடுகளில் ஆண்களில் 74 சதவீதம் பேருக்கும் பெண்களில் 68 சதவீதம் பேருக்கும் கணக்கு இருந்தது. பல வருடங்கள் 9 புள்ளியிலேயே நின்ற இடைவெளி 6 ஆனது பெரிய விஷயம், அதற்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த 68-ஐப் பார்க்கும்போதெல்லாம் அந்த வெற்றுப் பக்கம் கண்முன் வந்துவிடுகிறது.

கணக்கு பெண்ணின் பெயரில், பதிவான போன் நம்பர் வீட்டில் இன்னொருவருடையது என்றால் ஓடிபி அவருக்குப் போகும், வரவு செலவு மெசேஜ் அவருக்குப் போகும், கார்டைப் புதுப்பிக்கச் சொல்லும் அழைப்பும் அவருக்கே போகும். இதில் யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை, பெரும்பாலான வீடுகளில் உதவியாகத்தான் ஆரம்பிக்கிறது. சரி, கைரேகை வைத்து எடுக்கலாமே என்றால், வருடக்கணக்கில் மண்ணிலும் தண்ணீரிலும் வேலை பார்த்துத் தேய்ந்த விரலை மெஷின் பல நேரம் ஏற்காது. ஊரில் பணம் எடுத்துக் கொடுக்கும் ஒரு வங்கி முகவரிடம் ஒரு பெண் நான்கு தடவை விரல் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார். "வரலை, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள், ரசீதும் தரவில்லை. கணக்கிலிருந்து பணம் போனதா இல்லையா என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டிய மெசேஜும் வேறொருவர் போனில்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் தஹுவா பகுதியின் 96 கிராமங்களில் 2010-ல் நடந்த ஓர் ஆய்வை நான் சக ஊழியர்களிடம் அடிக்கடி சொல்வேன். வறட்சி நிவாரணத்தைச் சில கிராமங்களில் ரொக்கமாகவும் சில கிராமங்களில் பெண்களின் கைப்பேசிக்கும் கொடுத்தார்கள். கைப்பேசியில் வாங்கிய குடும்பங்கள் கூடுதலான வகை உணவுகளைச் சாப்பிட்டன. அலைச்சல் மிச்சமானது ஒரு காரணம். பணம் வந்தது மற்றவர் கண்ணில் உடனே படாததால் அதை எதற்குச் செலவு செய்வது என்பதில் அந்தப் பெண்ணின் பேச்சு எடுபட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன இன்னொரு காரணம். எனக்கு அந்த இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. மத்தியப் பிரதேசத்தில் 100 நாள் வேலைச் சம்பளத்தைப் பெண்களின் சொந்தக் கணக்கிலேயே போட்டு, அதைப் பயன்படுத்தவும் கற்றுக்கொடுத்தபோது அவர்கள் வேலைக்குப் போவது கூடியது. கணக்கு திறந்ததோடு நிறுத்தாமல், கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாங்களும் இப்போது அப்படித்தான் உட்காருகிறோம். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியாத பெண்ணை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். போன் மெனுவில் மூன்றாவது வரி, பிறகு முதல் வரி என்று இடத்தை வைத்தே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கஷ்டமே பின் நம்பரில்தான். புது நம்பர் தேர்ந்தெடுத்ததும் முதல் வேலையாகப் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகச் சொல்வார்கள், மறந்துபோனால் அவர் ஞாபகப்படுத்துவார் என்று. இதை மாற்றத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடிக்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒன்றை வைத்துக்கொள்வது தப்பில்லையா என்று ஒருவர் உண்மையான கலக்கத்தோடு கேட்டார். உங்கள் நம்பர் உங்களோடு இருந்தால் பணம் காணாமல் போகும்போது யார் மேலும் சந்தேகம் வராது என்று சொன்னேன், அது அவருக்குச் சரியாகப் பட்டது.

சண்டை போட்டுப் படிவத்தில் இன்னொரு கேள்வியைச் சேர்க்க வைத்தேன்: "உங்கள் பின் நம்பர் வேறு யாருக்காவது தெரியுமா?" போன மாதம் பாஸ்புக் காட்டிய அதே அம்மாவின் வீட்டுக்குப் போனேன். தன் பெயரில் சிம் வாங்கி, நம்பரை மாற்றிப் பதிந்திருந்தார், கையில் சின்னதாக ஒரு பட்டன் போன். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் போனைக் கொஞ்சம் சாய்த்து, இடது கையால் மறைத்துக்கொண்டு நான்கு எண்களை அழுத்தினார். உதடு அசைய திரையை இரண்டு முறை படித்தார். படிவத்தில் இருப்புத் தொகை எழுத ஒரு கட்டம் உண்டு என்பதால், எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்றதுக்கில்ல மேடம்" என்றார்.

அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.