மெஸ்கால் காய்ச்சும் ஊர்களில் எதைப் பார்ப்பது?

மெக்சிகோவின் வஹாக்கா நகரிலிருந்து நெடுஞ்சாலை 190-இல் தென்கிழக்கே போகிற ஷேர் டாக்சியில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சாந்தியாகோ மத்தத்லான் வந்துவிடும். உலக மெஸ்கால் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். மெஸ்கால் என்பது ஆனைக்கற்றாழை இனச் செடியின் கட்டையை வேகவைத்து, புளிக்கவிட்டு வடிக்கும் சாராயம். சாலையின் இரு பக்கமும் பலெங்கே, அதாவது காய்ச்சும் கொட்டகைகள். முன்னால் ருசி பார்க்கச் சின்னக் கோப்பைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு அவசரமில்லை, முதலில் பின்கட்டுக்குப் போங்கள்.

அங்கே கிடக்கும் பச்சைக் கட்டைகள் அன்னாசிப்பழம் போல இருப்பதால் அவற்றுக்கு பீன்யா (ஸ்பானிஷில் அன்னாசி) என்று பெயர். நம்மூர் ரயில் பாதையோரம் நிற்கும் ஆனைக்கற்றாழையின் உறவுக்காரச் செடிதான். பெரும்பாலும் எஸ்பதீன் வகை. முற்ற 6 முதல் 8 வருடம். பூந்தண்டு கிளம்பினால் உள்ளே சேர்ந்த சர்க்கரையெல்லாம் அதற்கே செலவாகிவிடும் என்பதால் தண்டை வெட்டிவிட்டு, இன்னும் சில மாதங்கள் செடியை விட்டுவைப்பார்கள். பிறகு மடல்களைச் சீவிக் கட்டையை எடுப்பது. தொபலா என்கிற சிறு வகைக்குப் பக்கக்கன்று கிடையாது, விதையில்தான் வரும். முற்றப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஒரு லிட்டர் மெஸ்காலுக்கு எஸ்பதீனில் 10, 12 கிலோ கட்டை போதும் என்றால் தொபலாவில் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். விலை ஏன் இரண்டு மூன்று மடங்கு என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

சரக்கின் தலையெழுத்து நிர்ணயமாவது அடுப்புக்குழியில். தரையில் கூம்பாகத் தோண்டிய, இரண்டு மீட்டருக்கும் மேல் ஆழமான குழி. அடியில் விறகு, மேலே ஆற்றுக்கல். விறகு எரிந்து தணலாகி, கல் பழுக்கக் காய்ந்ததும், முந்தின காய்ச்சலில் மிஞ்சிய ஈரச் சக்கையை அதன்மேல் பரப்புவார்கள். கட்டை நேரே கல்லில் பட்டால் கருகிவிடும். கசப்பு கடைசிச் சொட்டு வரை வரும். பெரிய துண்டுகளை நடுவிலும் சின்னவற்றை ஓரத்திலும் அடுக்கி, பாய் போட்டு மூடி, மண் குவித்து மூன்று முதல் ஐந்து நாள். எங்காவது ஆவி கசிந்தால் உடனே ஒரு கூடை மண் விழும். காற்று உள்ளே போனால் தணல் மறுபடி பற்றிக்கொள்ளும், வெந்த கட்டை கரியாகும். சூடு குறைந்தாலும் நஷ்டம்தான்: கட்டையில் இருக்கும் இன்யூலின் என்ற நார்ச்சத்து உடைந்து சர்க்கரையாகாது, புளிக்க ஒன்றும் இருக்காது.

புகை வாடை தூக்கலாக இருந்தால்தான் அசல் என்று பலர் நம்புகிறார்கள். எங்கள் அனுபவத்தில் அது பெரும்பாலும் விறகு முழுசாக எரியும் முன்பே கட்டையை ஏற்றியதன் அடையாளம்.

வெந்த கட்டையைக் குதிரை இழுக்கும் கல் உருளையில் நசுக்கி, நாரோடு சேர்த்து மரத்தொட்டியில் போடுகிறார்கள். ஓரிரு நாள் தண்ணீரில்லாமல் சூடேறவிட்டு அப்புறம்தான் தண்ணீர். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. காற்றிலும் தொட்டி மரத்திலும் இருப்பதே போதும். வெயில் காலத்தில் நாலைந்து நாள், குளிரில் பத்து நாளைத் தாண்டும். மேலே மிதக்கும் நார் மூடி கீழே இறங்கி, கொதிக்கிற சத்தம் அடங்கினால் ஊறல் தயார். அதற்குமேல் ஒரு நாள் சோம்பினால் காடியாகத் திரும்பும்.

செப்புப் பானையில் இரண்டு முறை வடிப்பு. முதல் வடிப்பில் தீயை அவசரப்படுத்தினால் நார் அடிப்பிடிக்கும். இரண்டாவதில் முதலில் வருவது புந்தாஸ், ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு மேல், நடுப்பகுதிதான் உடல், கடைசி வால். முதல் பகுதியை வெட்டினால் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் முழுதும் போய்விடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். அது கட்டையில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து வருவது, வடிப்பு முழுக்கப் பரவி இருக்கும். அதனால்தான் 100 மில்லி தூய ஆல்கஹாலுக்கு 300 மில்லிகிராம் என்று மெக்சிகோ அரசு விதியே உச்சவரம்பு வைத்து, ஆய்வகத்தில் அளக்கச் சொல்கிறது.

வீரியம் பார்ப்பது கண்ணால். நாணல் குழாயில் உறிஞ்சி, காய்ந்த காய் ஓட்டுக் கிண்ணத்தில் மேலிருந்து விடுவார்கள். முத்து முத்தாய் நுரை ஒன்றையொன்று ஒட்டி நின்றால் 45–55 சதவீதம். அதற்குக் கீழேயும் மேலேயும் முத்து சட்டென்று உடையும். எந்தப் பக்கம் தப்பியது என்பதை நாக்குதான் சொல்லும். புந்தாஸும் வாலும் கலந்து சரிசெய்வார்கள். தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு.

மண்பானையில் காய்ச்சுவதைப் பார்க்க ஒகொத்லான் பக்கம் சாந்தா கத்தரினா மினாஸ் போக வேண்டும். அடுப்பில் ஒரு பானை, அதன்மேல் அடியில்லாத மண் உருளை, உச்சியில் குளிர்ந்த நீர் நிரப்பிய உலோகச் சட்டி. ஆவி சட்டியின் அடியில் பட்டுச் சொட்டி, உள்ளே இருக்கும் கரண்டியில் விழுந்து நாணல் வழியாக வெளியே வரும். சட்டி நீர் சூடேறினால் ஆவி படியாமல் வீணாகும். அதனால் பக்கத்திலேயே ஒருவர் நீர் மாற்றிக்கொண்டே இருப்பார். பானை சிறிசு, ஒரு தொட்டி ஊறலைக் காய்ச்சி முடிக்கப் பல நாள் பிடிக்கும்.

லேபிளில் ‘ஆன்செஸ்ட்ரால்’ என்றிருந்தால் இந்த மண்பானைச் சரக்கு. ‘ஆர்தெசனால்’ என்றால் குழியிலோ கல் அடுப்பிலோ வேகவைத்தது, செப்புப் பானையில் வடித்ததும் இதில் சேரும். வெறும் ‘மெஸ்கால்’ என்றிருந்தால் நீராவிக் கொப்பரையில் அவித்ததாகவும் இருக்கலாம். விமானத்தில் கொண்டுவருவதானால் செக்-இன் பெட்டியில் ஆளுக்கு 5 லிட்டர் வரை, அதுவும் கடையில் சீல் வைத்த பாட்டிலாக. பலெங்கேயில் பிளாஸ்டிக் கேனில் பிடித்துத் தருவதை அங்கேயே குடித்துத் தீர்ப்பதே நல்லது.