சேர்வராயன் கோயிலுக்குப் பிள்ளைகளோடு நடந்து போகிறவர்களுக்கு

கோயில் இருக்கும் சேர்வராயன் மலையின் உச்சி 5,326 அடி. ஏற்காடு ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், பெரும்பாலும் தார் ரோடு. கோயில் பக்கம் வரை கார் போகும். அதனாலேயே வேண்டுதலுக்காக நடக்கும் குடும்பங்கள்கூட இதை மலையேற்றமாக நினைப்பதில்லை. ரப்பர் செருப்பு, ஒரே ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான்.

சோதனை பேருந்திலேயே தொடங்கிவிடும். சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். பூரி, வடை, பால் வேண்டாம். முன்பக்கத்து சன்னல் இருக்கையில் உட்காரவைத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் போன் கொடுத்தால் பாதி மலைக்குள் குமட்டும். வாந்தி எடுத்த பிள்ளையை இறங்கியதும் நடத்தக்கூடாது. அரைமணி நேரம் ஏரிக்கரையில் உட்காரவைத்து, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள்.

காலை ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்குவது நல்லது. பெரியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டரை மணி வையுங்கள். தண்ணீர் பெரியவருக்கு ஒரு லிட்டர், பிள்ளைக்கு முக்கால். ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடக்க வேண்டும். வலப்பக்கம் வளையும் திருப்பங்களில் மட்டும், மறைவில் வரும் வண்டி தெரியாது என்பதால், முன்கூட்டியே இடது ஓரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். பூசைச் சாமானைப் பிளாஸ்டிக் கவரில் தொங்கவிட்டால் குரங்கு விடாது. தேங்காய், பழம், சூடம் எல்லாம் முதுகுப் பைக்குள்.

உச்சி என்றதும் கூர்முனையை எதிர்பார்க்கும் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். மேலே மேசை போட்டது மாதிரி புல்வெளிதான். ஆனால் காற்று பலமாக அடிக்கும். வேர்த்த சட்டை சட்டென்று சில்லிட்டுவிடும். வியர்வையைத் துடைத்து மாற்றுச் சட்டை போட்டு, காதை மூடிய பிறகுதான் ஓடவிட வேண்டும். மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர்கூடத் தெரியாது. அப்போது விளையாட்டு போதும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை சகஜம். மரமில்லாத வெட்டவெளியில் மின்னலுக்கு ஆள்தான் உயரமாக நிற்பார் என்பதால், பன்னிரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். தரிசனம் முடியாவிட்டாலும்தான்.

கோயில் என்றால் கோபுரம் அல்ல, குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மலைக்குப் பெயர் கொடுத்தவரே இந்தச் சாமிதான். இந்த மலையின் மலையாளி மக்களுக்குச் சொந்த தெய்வம். (கேரளத்தார் என்று நினைத்துவிடாதீர்கள், காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்லும், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) குகை காவிரி வரை போகிறது என்பது நம்பிக்கை. மே மாதத் திருவிழாவில் கூட்டம் நெரியும். சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை போவதற்கு அது நாளல்ல.

குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் இருட்டும். ஓரமாக நின்று பத்து மூச்சு விட்டுப் பிறகு நகருங்கள். பாறையில் தலை இடிப்பது நடந்து வரும் பிள்ளைகளுக்கல்ல, அப்பாக்களின் தோள்மேல் இருக்கும் பிள்ளைகளுக்கு! அதனால் இடுப்பில் தூக்குங்கள், அல்லது நடக்கவிடுங்கள். தரையில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வழுக்கும்; வெறுங்காலைத் தேய்த்தபடி வைக்க வேண்டும். சூடப் புகையில் இருமும் பிள்ளையை அழவைத்து நிறுத்தாதீர்கள். வாசலில் நின்று கும்பிட்டாலும் சாமிக்குத் தெரியும்.

இறக்கம்தான் காலைப் பதம் பார்ப்பது. இது பாக்சைட் (அலுமினியத் தாது) மலை. ரோட்டை விட்டு விலகினால் சிவந்த உருண்டைக் கல் காலடியில் உருளும். பிள்ளை குறுக்குவழி கேட்கும், கொடுக்காதீர்கள். இறங்கும்போது விரல் முன்னே போய் ஷூவில் இடிக்கும். முதல் நாளே நகம் வெட்டி, இறங்குமுன் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். மதியத்துக்குப் புளிசாதத்தை விடத் தயிர்சாதம் நல்லது, அதுவும் அரை வயிறு. அதே இருபது வளைவுகள் கீழே காத்திருக்கின்றன. பிரசாதத் தேங்காயைச் சேலம் வந்த பிறகு உடைத்துக் கொடுங்கள்.