ஐபிஏ கேட்டால் சானிட்டைசர்: வேலூரில் ஏர்பிரஷ் கழுவிய அனுபவம்

வேலூரில் ஒரு லிட்டர் ஐபிஏ, அதாவது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், வாங்க இவ்வளவு அலைய வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால், மிக்-21 பொம்மை விமான கிட்டை பிரஷ்ஷாலேயே அடித்து முடித்திருப்பேன். பெயின்ட்டைக் காற்றால் தெளிக்கிற குட்டி ஸ்ப்ரே கன்தான் ஏர்பிரஷ். அதைப் பிடிக்கப் பழகுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. முதலில் காற்று, அப்புறம் பெயின்ட். நிறுத்தும்போது முதலில் பெயின்ட், அப்புறம் காற்று. காற்றழுத்தம் 15-லிருந்து 20 பிஎஸ்ஐ. பழைய பேப்பரில் கோடு இழுத்து இழுத்துப் பார்த்தால் விரல் தானாகப் பழகிவிடும். என்னைப் படுத்தி எடுத்தது அதைக் கழுவுகிற வேலைதான்.

விமானப்படை 2025 செப்டம்பரில் மிக்-21-க்கு விடை கொடுத்ததிலிருந்தே அந்த கிட்டை முடித்துவிட வேண்டும் என்று ஆசை. ஒட்டியது, இடைவெளி அடைத்தது, பிரைமர் அடித்தது எதிலும் தொல்லையில்லை. மேலே டாமியா கம்பெனி அக்ரிலிக் பெயின்ட்டில் வெளிர் சாம்பல். அதற்கென்றே விற்கிற எக்ஸ்-20ஏ தின்னர் அருமையானதுதான், ஆனால் அந்த விலைக்கு அதை ஊற்றி நாசில் (பெயின்ட் வெளியே வருகிற முனை) கழுவ யாருக்கு மனசு வரும்? டாமியா ஆல்கஹாலில் கரைகிற பெயின்ட் என்பதால், கழுவுவதற்கு ஐபிஏ போதும். அவசரத்துக்குக் கலக்கவும் ஆகும்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் ஐபிஏவுக்கா பஞ்சம் என்று ஒரு சர்ஜிகல் கடைக்குப் போனேன். "ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், ஒரு லிட்டர், வேற எதுவும் கலக்காதது" என்று தெளிவாகவே கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார். பாட்டில் இல்லையாம், கேனிலிருந்து லூசில் தருவாராம். வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, மேலே மார்க்கரில் 'ஐபிஏ' என்று எழுதியும் கொடுத்தார்.

வாசனை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏர்பிரஷ்ஷில் பெயின்ட் ஊற்றுகிற கப்பைக் கழுவினேன், பெயின்ட்டிலும் கலந்தேன், இறக்கை இரண்டையும் அடித்தேன். அடித்த கொஞ்ச நேரத்திலேயே பரப்பில் வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி, உள்ளே பிரைமர் எட்டிப் பார்த்தது. கார் பெயின்ட்டர்கள் மீன்கண் என்பார்களே, அதுதான். டாமியா அரைமணி நேரத்தில் தொடுகிற அளவுக்குக் காய்ந்துவிடும். இது மறுநாள் காலையிலும் விரலில் பிசுபிசுத்தது.

கம்ப்ரெஸரில் தண்ணீர் கோத்திருக்குமோ என்று டேங்கைத் திறந்து வடித்தேன். ஓஸைக் கழற்றினேன். பிரைமரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் சந்தேகம் அந்த வெள்ளை டப்பாமேல் திரும்பியது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். சுத்தமான ஐபிஏ என்றால் சுவடே இல்லாமல் பறந்துவிடும். இந்தச் சொட்டு சுருங்கிச் சுருங்கி, நடுவில் பளபளவென்று ஒரு பிசுக்காக நின்றுவிட்டது. தொட்டால் வழவழவென்று இருந்தது. கிளிசரின்!

விஷயம் இதுதான்: அவர் ஊற்றிக் கொடுத்தது ஆஸ்பத்திரியில் கைக்குத் தடவுகிற ஹேண்ட் ரப். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக் கணக்குப்படி அதில் 75 சதவீதம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், 1.45 சதவீதம் கிளிசரால், சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு. கை வறண்டு போகக்கூடாது என்று கிளிசரால் சேர்க்கிறார்கள். கைக்கு நல்லதுதான். ஏர்பிரஷ்ஷுக்குள் போனால் ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரால் கப்பிலும் நாசிலிலும் படலமாக உட்கார்ந்துகொண்டு, அடுத்து ஊற்றுகிற பெயின்ட்டையும் கெடுக்கும்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார். நர்ஸுங்க எல்லாம் இதத்தான் வாங்கினு போறாங்க" என்றார். நான் நர்ஸ் இல்லை, இறக்கைக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்றதற்கு ஏற இறங்க ஒரு பார்வை. லூசில் வாங்கியதற்குப் பில் இல்லை, பில் இல்லாததற்கு ரிட்டர்ன் இல்லை. அதோடு முடிந்தது. அடுத்து ஏறிய கெமிக்கல் கடையில் நிஜமான சரக்கு அலமாரியிலேயே இருந்தது. ஆனால் காலேஜ் லெட்டர்பேட் வேண்டும், இல்லையென்றால் ஜிஎஸ்டி நம்பர் வேண்டும். என்னிடம் இரண்டும் கிடையாது.

கடைசியில் கிடைத்த இடம் செல்போன் உதிரிபாகக் கடை! போர்டு கழுவுவதற்கு அவர்கள் ஐபிஏதான் வைத்திருக்கிறார்கள். சீல் வைத்த டின், மேலே 99 சதவீதத்துக்கு மேல் என்று அச்சடித்திருந்தது. கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள், ஒரு கேள்வி இல்லை. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிச் சோதனை. சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. டாமியா அதிலேயே கரையும் என்பதால், கெட்டுப்போன இறக்கையையும் காட்டன் பட்ஸ் தொட்டுத் தொட்டுத் துடைத்து எடுத்துவிட்டேன். நீங்களும் எங்கே வாங்கினாலும் முதலில் கண்ணாடியில் ஒரு சொட்டு விடுங்கள், லூசில் வாங்கவே வாங்காதீர்கள்.

அதோடு தொல்லை தீரவில்லை. அடிக்கும்போது கப்புக்குள் குமிழி வர ஆரம்பித்தது, பெயின்ட் விட்டு விட்டு வந்தது. ஏர்பிரஷ் விற்ற கடைக்கு போன் செய்தால், "நாசில் போயிருக்கும், புது செட் வாங்கிக்கோங்க" என்று ஒரே பதில். 0.3 நாசிலின் விலையைக் கேட்டுவிட்டு, ராணிப்பேட்டையில் தோல் கம்பெனிகளின் ஸ்ப்ரே கன் எல்லாம் ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். தோலுக்கு ஃபினிஷிங் அடிப்பதும் ஸ்ப்ரேதான், ஆகவே இந்தப் பக்கத்தில் கன் தெரிந்த ஆட்களுக்குக் குறைவில்லை.

கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா தம்பி, கன்னு குட்டி போட்டுக்கிச்சா?"

"பொம்மை பிளேனுக்கு பாய்."

கப்பில் தண்ணீர் ஊற்றி பட்டனை அழுத்தினார். குமிழியைப் பார்த்ததுமே, "நாசில் நல்லாத்தான் கீது. மரையில காத்து பூந்து கப்புக்கு ஏறுது" என்றார். நாசிலைக் கழற்றி, மரையில் மட்டும் தேன்மெழுகை நகக்கண் அளவு தடவி, விரலால் திருகி, ஸ்பானரில் லேசாக ஒரு தொடு. குமிழி நின்றது. காசு வேண்டாம் என்றார், டீ மட்டும் வாங்கிக் கொடுக்க விட்டார். மெழுகு பெயின்ட் போகிற ஓட்டைக்குள் போகக்கூடாது, ஸ்பானரை அழுத்தினால் அந்தப் பித்தளை மரை முறிந்து உள்ளேயே தங்கிவிடும் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

இப்போது என் வழக்கம் இது. நிறம் மாற்றும்போது மிச்சத்தைக் கொட்டி, கப்பை டிஷ்யூவால் துடைத்து, ஐபிஏ கொஞ்சம் ஊற்றிப் பேப்பரில் அடித்துத் தள்ளுவேன். நாசில் வாயைத் துணியால் மூடி பட்டனை லேசாகத் தட்டினால் காற்று பின்னால் திரும்பி, ஒட்டிக்கொண்டிருக்கிற பெயின்ட்டைக் கப்புக்குத் தூக்கிவரும். நிறம் வராமல் தெளிவாக வந்த பிறகுதான் நடுவில் இருக்கிற ஊசியை, அதாவது நீடிலை, உருவுவது. பெயின்ட்டோடு உருவினால் பின்னால் இருக்கிற சீலில் அப்பிக்கொள்ளும், அப்புறம் பட்டன் ஒட்டும். நீடிலைத் துடைக்கும்போது பின்னாலிருந்து கூர்ப்பக்கமாகத்தான் துடைக்க வேண்டும். முனை இம்மி வளைந்தாலும் பெயின்ட் ஒரு பக்கமாக இழுக்கும். கடைசி அலசலுக்கு எங்கள் தெரு போர் தண்ணீர் சரிப்படாது, நாசிலில் உப்புப் படியும். பேட்டரிக்கு விற்கிற டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன் பல மாதம் வருகிறது.

ஹார்டுவேர் கடை என்சி தின்னர் காய்ந்த பெயின்ட்டையும் கரைக்கும். ஆனால் ஏர்பிரஷ்ஷை அதில் ஊறப்போடாதீர்கள், ரப்பர் ஓ-ரிங் உப்பிவிடும். டெஃப்லான் ரிங் என்றால் தாங்கும். அமோனியா சேர்ந்த கண்ணாடி கிளீனரும் வேண்டாம், பித்தளையை அரிக்கும்.

நம்ம ஊர் வெயில் தனி வில்லன். மே மாதம் மதியத்தில் பெயின்ட் நீடில் முனையிலேயே காய்ந்து உட்காரும், பாதி காற்றிலேயே காய்ந்து பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகும். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்போதும் ஐபிஏ தொட்ட பட்ஸ் ஒன்றைக் கையிலேயே வைத்திருந்து, அவ்வப்போது முனையைத் துடைத்தால் போதும்.

துணி மாஸ்க் இந்த வேலைக்கு உதவாது, கரிம ஆவிக்கான ஃபில்டர் மாஸ்க் வேண்டும். ஐபிஏ தீப்பற்றும், சமையலறைப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ அடிக்காதீர்கள். இன்னொன்று, வலேஹோ மாதிரி தண்ணீர் பெயின்ட் வைத்திருக்கிறவர்கள் அதில் ஐபிஏவைக் கலந்துவிடாதீர்கள். நொடியில் திரிந்து கோந்தாகி நாசிலை அடைக்கும். எந்தத் தின்னரும் எதற்கும் ஆகும் என்று போனில் அடித்துச் சொல்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வலேஹோவுக்கு அதனுடைய தின்னர், இல்லையென்றால் தண்ணீர். என் மேஜையில் இரண்டுக்கும் தனித்தனி பாட்டில், தனித்தனி மூடி நிறம்.