மிளா வர முதலில் வெயில் வர வேண்டும்

குமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர். மரங்களுக்கு வயசாகிப் பால் குறைந்ததும், காட்டை ஒட்டிய அரை ஏக்கரை மட்டும் வெட்டிவிட்டு, மிளா, அதாவது பெரிய காட்டுமான், வந்து மேயட்டும் என்று திரும்ப ரப்பர் வைக்காமல் விட்டேன். அப்பாவுக்கு வருத்தம்தான்.

யோசனை டெக்சாஸில் இருக்கும் மச்சான் சொன்னதிலிருந்து வந்தது. அங்கே உரிமம் எடுத்துச் சொந்த நிலத்தில் மான் வேட்டையாடலாம், அதற்காகவே வருஷக்கணக்கில் நிலத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ப்பவர்கள் உண்டு. மரங்களைக் கலைத்து வெட்டித் தரையில் வெயில் விழ வைத்தால் மானுக்கு எட்டும் உயரத்தில் தழை வரும். நம்ம ஊரில் சொந்த நிலமானாலும் மிளாவைச் சுடுவது 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், எனக்கு அது வேண்டவும் வேண்டாம். ஆனால் வெயில் கணக்கு இங்கேயும் அதேதான்.

ரொம்பப் பாடுபடுத்தியது உண்ணிச்செடி என்கிற களைப்புதர். தண்டை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கே முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கிறது. வேர்த்தூரோடு பெயர்த்துத் தலைகீழாகப் போட வேண்டும், அதுவும் காய் பழுக்கும் முன்னே, இல்லையென்றால் குருவிகள் விதையைத் தோட்டம் முழுக்கப் பரப்பிவிடும். நான்கு வருஷம் இதே வேலை. அப்புறம்தான் நாவல், நெல்லி, அத்தி வைத்தேன்.

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை, அத்தி மூட்டில் என் உள்ளங்கை அகலத்துக்குக் குளம்புத் தடம். கிளை நுனி பிய்ந்து நாராகத் தொங்கியது. மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, இழுத்துப் பிய்த்துத்தான் தின்னும். முயல் கடித்திருந்தால் கத்தியால் சீவியதுபோல இருந்திருக்கும். அந்தப் பக்கம் வேலி போடவில்லை, போடப்போவதும் இல்லை.