பெட்டி ஆபீசரும் வெறும் ஆபீசரும்

எனக்குப் பெட்டி ஆபீசராகப் பதவி உயர்வு கிடைத்த செய்தியை 2012 இல் தொலைபேசியில் சொன்னபோது, அம்மாவின் காதில் அதன் பின்பாதி மட்டுமே விழுந்திருக்க வேண்டும். மாலைக்குள் தெருவில் ஒரு வீடு விடாமல் சர்க்கரை கொடுத்து, மகன் ஆபீசராகிவிட்டான் என்று சொல்லி முடித்துவிட்டார். அடுத்த விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடையில் பெரியவர் ஒருவர், "ஆபீசர் என்பது விளங்குகிறது தம்பி, அந்தப் பெட்டி எதற்கு?" என்று கேட்டார். தரைப்படையில் ஹவில்தார் என்கிறார்களே, கடற்படையில் அதற்குச் சமமான பதவி இது என்று விளக்கினேன். "அப்படியென்றால் ஆபீசர் இல்லை" என்றார் அவர். ஒரே வரியில் அவர் பிடித்துவிட்ட அந்த வேறுபாட்டை, பதினெட்டு வயதில் எனக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

இப்போது அக்காவின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். ராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்குக் கடற்படை தூரத்துச் செய்தியன்று. உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து தளத்தின் விமானங்களைப் பார்த்தே வளர்ந்தவன் அவன். "மாமா, அக்னிவீருக்கு எழுதட்டுமா, ஆபீசருக்கு எழுதட்டுமா?" என்று சென்ற மாதம் கேட்டான். இன்று மாலுமியாகச் சேர்பவருக்கு அக்னிவீர் என்று பெயர். அத்தானோ, "எது முதலில் கிடைக்கிறதோ அதில் சேரட்டும், உள்ளே போய் மேலே வந்துகொள்ளலாம்" என்றார். என் காலத்தில் எனக்கும் இதே அறிவுரைதான் சொல்லப்பட்டது. அது ஏன் எனக்குப் பலிக்கவில்லை, இன்று ஏன் இன்னும் குறைவாகவே பலிக்கும் என்பதை அவனுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

கடற்படையில் ஏணிகள் இரண்டு. மாலுமிகளின் ஏணி சீமேனில் தொடங்கி, லீடிங் சீமேன், பெட்டி ஆபீசர், சீஃப் பெட்டி ஆபீசர் என்று ஏறி, மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் முதல் நிலையில் முடிகிறது. அதிகாரிகளின் ஏணி சப் லெப்டினன்டில் தொடங்கி அட்மிரல் வரை போகிறது. முப்பது ஆண்டுக் கடல் அனுபவத்தோடு முதல் ஏணியின் உச்சியில் நிற்கும் மாஸ்டர் சீஃப், இரண்டாம் ஏணியின் கீழ்ப்படியில் நிற்கும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்குச் சல்யூட் வைக்க வேண்டும். அதே இளைஞன் அந்த மாஸ்டர் சீஃபிடம்தான் தொழிலைக் கற்றுக்கொள்கிறான் என்பதும் உண்மை. ஆனால் முதல் ஏணியின் கடைசிப் படி இரண்டாம் ஏணியின் முதல் படியோடு போய்ச் சேர்வதில்லை.

நான் 2001 இல் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சிக்குச் சேர்ந்து, பிறகு ஜாம்நகரில் உள்ள ஐ.என்.எஸ். வல்சுராவில் மின்பிரிவுத் தொழில் கற்று, கப்பலுக்குப் போனவன். இரு ஏணிகளுக்கும் உண்மையான வேறுபாடு என்ன என்பது, அரபிக் கடலில் மழைக்கால இரவு ஒன்றில், நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான மிடில் வாட்ச்சில்தான் எனக்குப் புரிந்தது. கப்பலுக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த ஆல்டர்னேட்டர் ஒன்று திடீரென்று நின்று, கப்பலின் பாதி இருண்டது. மல்டிமீட்டரையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு நான் அதன் டெர்மினல் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய் அழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சாரின் கம்பி ஒன்று அதிர்வில் தளர்ந்து, எண்ணெய் நன்றாக இருந்தும் இல்லை என்று பொய் சொல்லி, எந்திரத்தை நிறுத்தியிருந்தது. அதைக் கண்டுபிடித்து முறுக்கி, எந்திரத்தை மீண்டும் ஓடவைக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது.

அந்த இருபது நிமிடமும் என் அருகில் ஒரு லெப்டினன்ட் நின்றிருந்தார். அந்த ஆல்டர்னேட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும். அது அவருக்கும் தெரியும். அவர் என் வேலையில் ஒரு சொல்லும் குறுக்கிடாமல், கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜோடு தொலைபேசியில் பேசிக்கொண்டு, குளிர்சாதனத்தையும் சமையல்கட்டின் ஹீட்டர்களையும் துண்டிக்கச் சொல்லி, ஸ்டியரிங்குக்கும் ரேடாருக்கும் மின்சாரம் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். வேலை முடிந்ததும் நான் என் பங்க்கில் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் அவர் கேப்டன் முன்னால் நின்று, முந்தைய மாதப் பராமரிப்பில் அந்தக் கம்பி ஏன் முறுக்கப்படவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொன்னார். முறுக்காமல் விட்டவன் நான். என் பெயரை அவர் அங்கே சொல்லவில்லை என்பதையும், "என் பிரிவின் தவறு, சார்" என்று மட்டும் சொன்னார் என்பதையும் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். அதன்பின் தனியே அழைத்து எனக்குக் கொடுத்த டோஸை இங்கே எழுத வேண்டியதில்லை.

மருமகனிடம் இதைச் சொல்லிவிட்டு, உனக்கு எந்த வேலை வேண்டும் என்று கேட்டேன். ஓர் எந்திரத்தை அதன் மூச்சுச் சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் அளவுக்குப் பழகுவது மாலுமியின் வேலை. தான் செய்யாத தவறுக்கும் தன் பெயரால் பதில் சொல்வது அதிகாரியின் வேலை. ஒவ்வோர் அதிகாரியின் கீழும் ஒரு மாலுமிக் கூட்டம் இருக்கும். அவர்களுடைய விடுப்பு, பதவி உயர்வு, வீட்டுக் கடன், மனைவியின் பிரசவம் எல்லாம் டிவிஷனல் ஆபீசர் என்ற முறையில் அவர் மேசைக்கே வந்து சேரும். நாற்பது வயது மாலுமி தன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி கேட்டு, இன்னும் திருமணமே ஆகாத இருபத்துமூன்று வயது அதிகாரியின் முன் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சிலர் அந்த நாற்காலிக்கு அழகாகப் பொருந்துவார்கள். சிலருக்கு அது கடைசிவரை பொருந்தாது.

பேதங்களும் உண்டு, மறைப்பதற்கில்லை. அதிகாரிகள் வார்ட்ரூமில் உண்பார்கள், மாலுமிகள் தங்கள் மெஸ்ஸில் உண்பார்கள். தூங்கும் இடமும் அப்படியே. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் தளத்தின் மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு, மோசமான உணவும் ஆங்கிலேய அதிகாரியின் வசவும் உடனடிக் காரணங்களாக இருந்தன. நான் பணியாற்றிய கடற்படை அந்தக் கடற்படை அல்ல. எனினும் ஒரே கப்பலில் இரண்டு அடுக்குகளில் வாழ்கிறோம் என்ற உணர்வு முற்றிலும் போய்விடவில்லை. அது மனத்தை அரிக்குமா என்பதை அவரவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். என்னை அது அரிக்கவில்லை. என் நண்பர்களில் இருவரை அரித்தது.

பணக் கணக்கை அத்தான் கேட்டார், ஆகவே சொல்கிறேன். ஏழாவது ஊதியக் குழுவின்படி சப் லெப்டினன்டின் அடிப்படை ஊதியம் மாதம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. அதன்மேல் ராணுவப் பணிக்கான ஊதியம் 15,500. பழைய முறையில் சேர்ந்த மாலுமிக்கு அடிப்படை 21,700 இலும், ராணுவப் பணி ஊதியம் 5,200 ஆகவும் இருந்தன. ஆனால் ஓய்வூதியத்தில் வேடிக்கையான ஒரு திருப்பம் உண்டு. பதினைந்து ஆண்டு முடித்த மாலுமிக்கு ஓய்வூதியம் உண்டு. குறுகிய காலப் பணியில் சேர்ந்து பதினான்கு ஆண்டு உழைத்துவிட்டுப் போகும் அதிகாரிக்குக் கிடையாது. 2016 இல் நான் முப்பத்துமூன்று வயதில் ஓய்வூதியத்தோடு வெளியே வந்து, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வங்கி எழுத்தரானேன். இரண்டு வருமானம் வருகிறது என்று உறவினர்கள் பொறாமைப்பட்டதும் உண்டு.

அந்தக் கணக்கு இனி இல்லை. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி, மாலுமியாகச் சேர்பவர் அக்னிவீராக நான்கு ஆண்டு பணியாற்றுவார். அதன் முடிவில் 25 சதவீதம் வரையிலானவர்களே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். முதலாண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. இதில் முப்பது சதவீதம் சேவா நிதிக்குப் பிடிக்கப்பட்டு, அரசும் அதே அளவு போட்டு, வெளியேறும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கையில் வரும். வெளியேறுபவருக்கு ஓய்வூதியம் இல்லை. பெண்கள் மாலுமிகளாகச் சேர முடிந்ததே இத்திட்டத்தால்தான் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதிகாரிகளாக அவர்கள் 1992 முதலே இருக்கிறார்கள்.

"உள்ளே போய் மேலே வரலாம்" என்ற அறிவுரைக்கு வருகிறேன். மாலுமிகளிலிருந்து தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்து அதிகாரிகளாக்கும் வழி கடற்படையில் இருக்கிறது; அப்படி வந்தவர்களின் கீழ் நானே வேலை செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்து ஐந்தாம் ஆண்டில் நானும் போபாலில், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஐந்து நாள் தேர்வு அது. படத்தைப் பார்த்துக் கதை எழுதுவதும், பதினைந்து விநாடிக்கு ஒன்றாக வரும் சொற்களுக்கு வாக்கியம் எழுதுவதும் எப்படியோ கடந்தன. மூன்றாம் நாள் மைதானத்தில் பலகை, கயிறு, கட்டை ஆகியவற்றைக் கொடுத்து, சிவப்பு வண்ணம் பூசிய எதையும் தொடாமல் குழு முழுவதும் தடைகளைக் கடந்து போக வேண்டும் என்றார்கள். தலைவர் என்று யாரையும் நியமிக்கவில்லை. என்னோடு இருந்தவர்கள் கல்லூரிப் பையன்கள். விசில் ஊதியதும் ஆளுக்கொரு யோசனையைக் கத்தினார்கள். பலகையை எந்த முனையில் வைத்தால் தாங்கும் என்பது எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆனால் யாராவது "வை" என்று சொல்வார்கள் என்று, பலகையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஐந்து ஆண்டுகளாக எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது அதுதான். கட்டளை வந்ததும் பிழையில்லாமல் செய்வதே நல்ல மாலுமியின் இலக்கணம். அதில் நான் நல்ல பெயரும் எடுத்திருந்தேன். அங்கே தேடப்பட்டதோ கட்டளை வருவதற்கு முன்பே அசைகிறவனை. கடைசி நாள் தேர்வானவர்களின் எண்களை வாசித்தபோது என் எண் வரவில்லை. கீழே இருந்து மேலே வரும் வழி அடைக்கப்படவில்லை. ஆனால் கீழே நன்றாக வேலை செய்யச் செய்ய, மேலே போவதற்கான குணம் மெல்ல மழுங்குகிறது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன், எனக்கு ஆயிற்று. எனக்குத் தேற ஐந்து ஆண்டும் போதவில்லை. நான்கே ஆண்டு உள்ளே இருக்கப்போகிறவனிடம் அந்த நம்பிக்கையை ஊட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மற்றொன்று வயது. அதிகாரி வழிகளில் பள்ளிப் படிப்போடு திறப்பவை பத்தொன்பதரை வயதில் மூடிவிடுகின்றன. தேசியப் பாதுகாப்பு அகாதமியில் சேர யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் என்.டி.ஏ. தேர்வில் கணிதத்துக்கு 300, பொதுத் திறன் தாளுக்கு 600 மதிப்பெண், எஸ்.எஸ்.பி.க்கு மட்டும் 900. இன்னொரு வழியில், இயற்பியல், வேதியியல், கணிதத்தில் எழுபது சதவீதமும் ஆங்கிலத்தில் ஐம்பது சதவீதமும் பெற்றவர்களை பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் தரவரிசையைக் கொண்டு எஸ்.எஸ்.பி.க்கு அழைத்து, தேர்வானவர்களைக் கண்ணூர் மாவட்டத்து எழிமலையில் உள்ள கடற்படை அகாதமியில் நான்கு ஆண்டு பி.டெக். படிக்கவைக்கிறார்கள். அந்தப் படிப்புக்கு ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது. நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை இருபத்திரண்டாம் வயதில், ஒரு சப் லெப்டினன்டின் வாயிலிருந்து கேள்விப்பட்டேன். "ஆபீசர் வேலைக்குப் பணம் கட்ட வேண்டும்" என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்த வீடு எங்களுடையது.

எந்தப் பிரிவு என்பதும் முக்கியம். கப்பலுக்குத் தலைமை தாங்குகிறவர், கப்பலைச் செலுத்துவதையும் போரிடுவதையும் தொழிலாகக் கொண்ட எக்ஸிக்யூட்டிவ் பிரிவிலிருந்தே வருவார்; பொறியியல் பிரிவிலும் மின்பிரிவிலும் சேர்கிறவர் எவ்வளவு உயர்ந்தாலும் கப்பலின் கேப்டனாக மாட்டார். அதிகாரிகளின் ஏணியில் நடுப்படியான கமாண்டர் வரை காலம் தள்ளினால் பதவி வரும், அதற்கு மேல் பெரும்பாலும் தேர்ந்தெடுத்துத்தான் தருவார்கள்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் மறுபடி பதினெட்டு வயதானால் எதற்கு எழுதுவீர்கள், மாமா?" என்றான். முதலில் எழிமலைக்கு எழுதுவேன். வாரியத்தில் தேறாவிட்டால், இருபத்தொரு வயது வரை திறந்திருக்கும் அக்னிவீர் வாசலில், நான்கு ஆண்டுக்குப் பின் திரும்பி வந்து என்ன செய்வேன் என்பதை முன்பே எழுதி வைத்துக்கொண்டு நுழைவேன் என்றேன். அந்தப் பதினைந்து ஆண்டுகளையும், என் கை பழகிய அந்த ஆல்டர்னேட்டரையும் யார் கேட்டாலும் திருப்பிக் கொடுக்கமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் சற்றுக் குழம்பித்தான் போனான்.

இப்போது அவன் தினமும் விடியலில் ஓடுகிறான், அக்னிவீருக்கு 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டும், அவன் இன்னும் ஏழு நிமிடம் எடுத்துக்கொள்கிறான். மாலையில் ஆங்கில நாளிதழின் ஒரு பத்தியை உரக்க வாசித்து, அதைப் பற்றித் தானாகவே மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "பேசட்டுமா மாமா?" என்று என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டால், அன்றைக்குப் பேச்சு கிடையாது.