மலையில் மாட்டுப்பொங்கல்

தை 2 காலையில் ஊட்டிப் பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். கீழ்நாட்டில் செய்வதுபோல விடியலிலேயே மாட்டைக் குளிப்பாட்ட வேண்டாம். வெயில் ஏறியபின், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் போகச் சாக்கால் துடையுங்கள். கன்றுக்குத் துடைப்பு மட்டும் போதும்.

கொம்புக்குக் காவியும் மஞ்சளும் போதாதா? எனாமல் பெயிண்ட் எதற்கோ, ஒன்றையொன்று நக்கும் பிராணிகள்!

பொங்கல்தான் பெரிய தொல்லை. ஆளாளுக்கு ஊட்டினால் சோறும் வெல்லமும் வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். முதலில் புல் தின்னட்டும், பிறகு மாட்டுக்கு மொத்தமே இரண்டு கைப்பிடி.

கேரட், உருளைக்கிழங்கை முழுசாகப் போடாதீர்கள். தொண்டையில் அடைத்தால் ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பும், மூச்சு முட்டும். சன்னமாக நறுக்குங்கள். அசை போடுவது நின்றால் கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை ஆம்புலன்ஸுக்கு, 1962, அழையுங்கள்.