அம்மனைப் பார்க்காமல் குமிழியைப் பார்த்த கதை

மேற்கு வங்கத்தில் பிர்பூம் மாவட்டம். சியூரியில் பஸ் ஏறி பக்ரேஷ்வர் போனேன். அது சக்தி பீடம். பஸ்ஸில் இருந்தவர்கள் அம்மனைப் பார்க்க வந்தவர்கள். நான் குமிழியைப் பார்க்க வந்தவன்.

கோயிலை ஒட்டி வெந்நீர்க் குண்டங்கள். அக்னி குண்டம்தான் அதிகச் சூடு, 70 டிகிரியை ஒட்டி. எட்டிப் பார்த்ததுமே மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால், அடியிலிருந்து குமிழிகள் சரம் சரமாக ஏறி வருகின்றன. உலை கொதிப்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் கொதிக்க இன்னும் 30 டிகிரி வேண்டும். வருவது வாயு.

அதில் பெரும்பகுதி நைட்ரஜன். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரைத்துக்கொண்டு போன நம் காற்றுதான். கூடப் போன ஆக்ஸிஜனைப் பாறைகள் வழியிலேயே பிடுங்கிக்கொள்கின்றன. எரிமலை எதுவும் இங்கே இல்லை. கீழே போகப் போக, கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி என்று பூமி சூடேறும். வெடிப்பு வழியே ஆழம் போன தண்ணீர், சூடாகி இன்னொரு வெடிப்பில் ஏறி வந்துவிடுகிறது.

நான் இவ்வளவு தூரம் வந்தது மீதிக்காக. இந்த வாயுவில் நூற்றில் ஒரு பங்குக்கும் மேல் ஹீலியம்! நாம் சுவாசிக்கும் காற்றில் அது 10 லட்சத்தில் 5 பங்குதான். 1950களில் இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் தூண்ட, சியாமதாஸ் சாட்டர்ஜி என்ற இன்னொரு இயற்பியலாளர் இதை ஆராய்ந்தார். போசான் துகளுக்கு யாருடைய பெயரை வைத்தார்களோ, அதே போஸ்தான்.

கிரானைட்டில் இருக்கும் யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஆல்ஃபா துகளை, அதாவது ஹீலியத்தின் அணுக்கருவைத் துப்புகின்றன. அது இரண்டு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டால் முழு ஹீலியம், அவ்வளவுதான். பாறைக்குச் சூடு தருவதிலும் இந்தச் சிதைவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, கண்ணாடியை மங்க வைத்த சூடும் இந்தக் குமிழியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

“பூஜை பண்ணலையா, அண்ணா?” என்று பண்டா, அதாவது கோயில் பூசாரி, மூன்றாவது முறை கேட்டார். இந்தியில் ‘ஹீலியம்’ என்று ஏதோ உளறினேன். அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்புறம் குளியல் தொட்டியில் அரை மணி நேரம் ஊறினேன். பஸ் பயணத்தில் பிடித்திருந்த இடுப்பு விட்டது. வெளியே வந்து மண் குவளையில் டீ குடித்தேன். கடைக்குப் பக்கத்தில் பலூன்காரர் ஒருவர், கன்னம் புடைக்க வாயாலேயே ஊதிக்கொண்டிருந்தார்.